மூன்று சோதனையிலும் சித்தி, அளவீடு பிழை: ஓர் எஸ்-பராமீட்டர் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தை மழைக்காலத்தில் உடனுக்குடன் அறியவேண்டிய தேவை புதியதல்ல. முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கையில் வெள்ளம் ஏறினால் படுவான்கரை வயல்கள் மூழ்கும். எப்போது வெட்டிவிடுவது என்ற வாக்குவாதமும் கூடவே வரும். வாவிக் கரைகளில் நிறுத்தக்கூடிய நீர்மட்டக் கம்பங்களை ஒரு சிறிய மின்னணுக் குழு வடிவமைத்துக்கொண்டிருந்தது. இரண்டு இளம் பொறியியலாளர்கள், நீண்ட அனுபவமுள்ள ஒரு தொழினுட்பவியலாளர், புளியந்தீவுப் பக்கம் வாவியைப் பார்த்த ஓர் அறை, அவ்வளவுதான் ஆய்வுகூடம்.

கம்பங்கள் 2.4 முதல் 2.4835 ஜிகாஹேர்ட்ஸ் வரையான பட்டையில் தகவல் பரிமாற வேண்டும். அன்டெனா, 1.6 மி.மீ. தடிப்புள்ள எஃப்ஆர்-4 மின்சுற்றுப் பலகையில் தட்டையான செப்புத் துண்டாக அச்சிட்ட பட்ச் வகை. பட்ச் அன்டெனா ஒடுக்கமான பட்டையில் மட்டுமே வேலை செய்யும். அதன் நீளத்தைத் தீர்மானிப்பது பலகையின் மின்னுழைய மாறிலி, அதாவது பலகையில் சமிக்ஞை எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் எண். எஃப்ஆர்-4 என்பது ஒரு வகைப் பெயர், ஒரே பொருள் அல்ல. கண்ணாடி நாருக்கும் பிசினுக்கும் உள்ள விகிதம் மாற, மாறிலியும் மாறும். ஆகவே குழு முதலில் ஒரு சோதனைப் பலகையைச் செய்வித்தது. அதில் 3.0 மி.மீ. அகலமும் 50 மி.மீ., 100 மி.மீ. நீளமும் உள்ள மைக்ரோஸ்ட்ரிப் தடங்கள் (பலகையின் மேற்பரப்பில் ஓடும் செப்புத் தடங்கள்) இரண்டு, பக்கவாட்டில் ஸ்டப் (முனை திறந்த குட்டைக் கிளை) வைத்த தடம் ஒன்று. எல்லா முனைகளிலும் எஸ்எம்ஏ எனும் திருகு வகைப் பெண் கனெக்டர்கள்.

எஸ்-பராமீட்டர்கள் என்பவை, ஒரு பொருளுக்குள் அனுப்பிய சமிக்ஞையில் எவ்வளவு கடந்து போகிறது (எஸ்21, எதிர்த்திசையில் எஸ்12), எவ்வளவு தெறித்துத் திரும்புகிறது (எஸ்11) என்று சொல்லும் எண்கள். ஒவ்வொன்றுக்கும் வீச்சும் (அளவு) கட்டமும் (அலை நிற்கும் நிலை) உண்டு. கணக்கு எளியது. இரு தடங்களின் எஸ்21 கட்டத்திலிருந்து தாமதங்களை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், கனெக்டர்களும் சாலிடர் மூட்டுகளும் தரும் தாமதம் ஏறத்தாழ நீங்கிவிடும். மிஞ்சுவது 50 மி.மீ. தடத்தின் தாமதம் மட்டும். மாறிலி 4.3 என்றால் அது சுமார் 301 பிக்கோசெக்கன் (ஒன்று, செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) வரவேண்டும்.

அளவீடு நடந்த விதம்

எஸ்-பராமீட்டர்களை அளக்கும் கருவி, யுஎஸ்பியில் மின்சாரம் எடுக்கும் இரு போர்ட் விஎன்ஏ. உச்ச மீடிறன் 6 ஜிகாஹேர்ட்ஸ். கேபிள்கள் ஒவ்வொன்றும் 1 மீற்றர், உள்ளே திண்ம டெஃப்லோன், முனைகள் ஆண் எஸ்எம்ஏ. கலிப்ரேஷன், அதாவது கேபிள்களின் பாதிப்பைக் கணக்கிலிருந்து நீக்குவது, வழக்கமான ஷோர்ட் (குறுக்கிணைத்த முனை), ஓப்பன் (திறந்த முனை), லோட் (50 ஓம் சுமை), த்ரூ (இரு கேபிள்களின் நேரிணைப்பு) முறை. கேபிள் முனைகள் இரண்டும் ஆண் என்பதால் த்ரூவுக்கு இருபுறமும் பெண்ணான ஓர் அடப்டர் வேண்டும். அதன் தாமதம், கலிப்ரேஷன் துண்டுகளின் விவரங்களைக் கொண்ட கிட் கோப்பில் சரியாகவே எழுதப்பட்டிருந்தது.

காலை 8.30க்கு ஏசி 18 பாகையில் போடப்பட்டது. 10.00 மணிக்கு கலிப்ரேஷன். 10 மெகாஹேர்ட்ஸ் முதல் 6 ஜிகாஹேர்ட்ஸ் வரை 201 புள்ளிகள். 10.20க்கு 100 மி.மீ. தடமும் 10.40க்கு ஸ்டப் தடமும் அளக்கப்பட்டன. 10.50க்குக் கரண்ட் போனது.

கருவி மடிக்கணினியின் பற்றரியில் ஓடியதால் அணையவில்லை. திரையில் கலிப்ரேஷன் அடையாளம் பச்சையாகவே இருந்தது. அறை புழுங்கத் தொடங்கியதும் யன்னல்கள் திறக்கப்பட்டன. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தும் மின்சாரம் வராததால், 12.05க்கு மீதமிருந்த 50 மி.மீ. தடத்தை அளந்து கோப்பைச் சேமித்துவிட்டார்கள். கருவி நின்றிருந்தால் திரும்ப கலிப்ரேட் செய்திருப்பார்கள், நிற்காததுதான் வினையாயிற்று.

முதலில் தென்பட்டது

தாமத வித்தியாசம் 310 பிக்கோசெக்கன், எதிர்பார்த்த 301ஐ விட 9 கூட. அதிலிருந்து மின்னுழைய மாறிலி 4.6 வந்தது. பலகை செய்தவர் தந்த தாளில் 4.3 என்றிருந்தது. எஃப்ஆர்-4இல் 4.6 நடக்காத எண் அல்ல. அதனால்தான் யாருக்கும் உடனே சந்தேகம் எழவில்லை. 7 என்றோ 2 என்றோ வந்திருந்தால் அந்த நிமிடமே கேபிளைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள்.

தாளை நம்புவதா, அளவீட்டை நம்புவதா? குழு அளவீட்டை நம்பியது. பட்ச்சைக் குறுக்கி வரைந்து, 40 பலகைகளுக்கான கட்டளை தயாரானது. அனுப்பும் முன் எஸ்2பி கோப்புகளை (எஸ்-பராமீட்டர்கள் பதிவான அளவீட்டுக் கோப்புகள்) ஒருதரம் தரம் பார்த்துவிடலாம் என்று தீர்மானித்ததே இந்த ஆய்வின் தொடக்கம்.

மூன்று சோதனைகள்

அதிமீடிறன் அளவீடுகளின் தரத்தைப் பார்க்க ஐஇஇஇ 370-2020 நியமம் மூன்று கேள்விகளை முன்வைக்கிறது. மின் மூலம் இல்லாத பொருள் உள்ளே போனதைவிடக் கூடுதலான வலுவை வெளியே தருகிறதா? இடமிருந்து வலம் போவதும் வலமிருந்து இடம் வருவதும் ஒன்றாக இருக்கின்றனவா? காரணத்துக்கு முன் காரியம் நிகழ்கிறதா? முறையே பசிவிற்றி, ரெசிப்ரோசிற்றி, கோசாலிற்றி. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு வீதம் கிடைக்கும்.

ரெசிப்ரோசிற்றியில் குறை இல்லை. எஸ்21க்கும் எஸ்12க்கும் இடையிலான வித்தியாசம் எந்த மீடிறனிலும் 0.003ஐத் தாண்டவில்லை. கோசாலிற்றியும் நல்ல நிலை. எஸ்21ஐ முனைவு வரைபடத்தில் போட்டால், மீடிறன் ஏற ஏற அது வலஞ்சுழியாகச் சீராகச் சுற்றியது. எஸ்11ஐ நேரத்துக்கு மாற்றிப் பார்த்தபோதும் பூச்சிய நேரத்துக்கு முன்னால் எந்தத் தெறிப்பும் இல்லை. இந்தக் கடைசிச் சோதனை ஒரு பழைய தவறைப் பிடிப்பதற்காகச் செய்தது. ஓப்பன், ஷோர்ட் இரண்டுக்கும் உள்ள சிறு நீளத்தைக் கிட் கோப்பில் எழுதாமல் விட்டால் உசாத்தளம் (அளவீடு தொடங்கும் எல்லை) பொருளுக்குள்ளே நகர்ந்துவிடும். கனெக்டரின் தெறிப்பு பூச்சியத்துக்கு முன்பே தோன்றும். இங்கே அது இல்லை. கிட் கோப்பில் ஆண், பெண் என்று எழுதியிருப்பது கேபிள் முனையைக் குறிக்கிறதா, பூட்டும் துண்டைக் குறிக்கிறதா என்பதும் கையேட்டோடு ஒப்பிட்டு உறுதி செய்யப்பட்டது. கருவி செய்பவர்கள் எல்லோரும் இதில் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை.

பசிவிற்றி 99.9. மதிப்பெண்ணைப் பார்த்தால் அமோக சித்தி. ஆனால் வீதத்தை மட்டும் பார்த்துவிட்டு நகரக்கூடாது. 50 மி.மீ. தடத்தில் 10 முதல் 160 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள ஆறு புள்ளிகளில் எஸ்21 பூச்சிய டிபிக்கு (டெசிபெல்; பூச்சியம் என்றால் உள்ளே போனது அப்படியே வெளியே வருகிறது) மேலே நின்றது. ஆகக் கூடியது +0.04 டிபி. ஒரு செப்புத் தடம் தனக்குக் கொடுத்த வலுவோடு நூற்றில் ஒரு பங்கைச் சேர்த்துத் திருப்பித் தருகிறது என்று பொருள். 201 புள்ளிகளில் ஆறு, அதுவும் சிறிய மீறல் என்பதால் மொத்த வீதத்தில் அது கரைந்துவிட்டது. மீறல் எத்தனை என்பதை விட எங்கே என்பது முக்கியம். தாழ் மீடிறனில் தடத்தின் இழப்பு மிகக் குறைவு. அங்கேதான் கலிப்ரேஷனின் சிறு பிழை வெளியே தலைகாட்டும். மேலே போகப்போகத் தடத்தின் சொந்த இழப்பு அதை மூடிவிடும்.

அடப்டர்

எஸ்21 மிகையாக வருகிறது என்றால், பொருளில் அல்ல, கலிப்ரேஷன் வேளையில் த்ரூவில் இழப்பு இருந்திருக்கிறது என்று முதலில் நினைக்க வேண்டும். கருவி அந்த இழப்பைக் கேபிளுடையது என்று கணக்கில் எடுத்துக்கொண்டு, பிறகு அளக்கும் ஒவ்வொன்றுக்கும் அதைக் கூட்டிக் கொடுக்கும்.

தொழினுட்பவியலாளர் அடப்டரைக் கழற்றி 10 மடங்கு உருப்பெருக்கியின் கீழ் பிடித்தார். ஒரு பக்கத்து நடுத் தொடுகையின் நான்கு விரல்களில் ஒன்று சற்று விரிந்திருந்தது. உள்விளிம்பில் பச்சை படர்ந்த மெல்லிய வளையம். வாவி ஒரு பக்கம், கடல் மறுபக்கம் உள்ள ஊரில் மூடியில்லாமல் மேசை லாச்சியில் கிடந்த துண்டு அது. தொடுகையில் அரை ஓமுக்குச் சற்று மேல் தடை இருந்தால் 50 ஓம் அமைப்பில் சுமார் 0.05 டிபி இழப்பு வரும். பார்த்த மீறலுக்கு அது போதும்.

இளைஞர்கள் இருவருக்கும் முடிச்சு அவிழ்ந்துவிட்டதாக ஆறுதல். அடப்டரை மாற்றி மறுபடி அளந்துவிட்டால் முடிந்தது என்றார்கள். மூத்தவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

“0.05 டிபி சரி, தம்பி. அது அளவைக் கூட்டும். உங்கட 9 பிக்கோசெக்கனை அது எங்கயிருந்து கொண்டு வரும்?”

வராது. தொடுகைத் தடை வீச்சைக் கெடுக்கும், தாமதத்தைத் தொடாது. நியமத்தின் சோதனைகள் கண்டுபிடித்த பிழை உண்மையானது. ஆனால் முடிவைக் கெடுத்த பிழை வேறு.

கையில் இருந்த சாட்சி

ஸ்டப் தடத்தின் கோப்பை அதுவரை யாரும் திறக்கவில்லை. ஸ்டப்பின் நீளம், திறந்த முனையின் விளிம்புத் திருத்தத்தோடு சேர்த்து 17 மி.மீ. கால் அலைநீளத்தில் அது தடத்தைக் குறுக்கிணைப்பது போல ஆகி, எஸ்21இல் ஆழமான பள்ளம் விழும். மாறிலி 4.3 என்றால் பள்ளம் 2.44 ஜிகாஹேர்ட்ஸில், 4.6 என்றால் 2.37இல். கோப்பில் பள்ளம் 2.44இல் இருந்தது.

ரீ (T) வடிவச் சந்தியில் ஸ்டப் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதில் சிறு ஐயம் எப்போதும் உண்டு. ஆகவே ஸ்டப்பை மட்டும் வைத்து மாறிலியைத் துல்லியமாகச் சொல்வது சரியல்ல. ஆனால் 70 மெகாஹேர்ட்ஸ் வித்தியாசத்தை அந்த ஐயத்தால் விளக்க முடியாது. இன்னொன்று: பள்ளத்தின் இடம் வீச்சில் தெரிவது. கேபிளின் கட்டம் நகர்ந்தாலும் பள்ளம் அசையாது. ஆகவே சந்தேகம் கட்டத்தின் மேல், அதாவது கேபிள்களின் மேல் விழுந்தது.

மீளச் செய்து பார்த்தது

அன்றைய நிலைமையை வேண்டுமென்றே திரும்ப உண்டாக்கினார்கள். ஏசி 18இல் இரண்டு மணித்தியாலம். புதிய அடப்டரோடு கலிப்ரேஷன். அடப்டரைப் பூட்டியபடியே விட்டு, ஏசியை நிறுத்தி யன்னலைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பு சேமிக்கப்பட்டது. கேபிள்களை யாரும் தொடவில்லை.

முதலில் கண்ணில் பட்டது எண்கள் அல்ல. கருவியின் உலோக உறையிலும் கேபிள் முனைகளின் நட்டுகளிலும் வியர்வை போலத் துளிகள் அரும்பின. குளிர்ந்த உலோகத்தில் ஈரக் கடற்காற்று பட்டால் அப்படித்தான் ஆகும். அன்றைக்கும் இது நடந்திருக்க வேண்டும், யாரும் கவனிக்கவில்லை.

அடப்டரின் சொந்தத் தாமதத்தைக் கழித்தபின் 6 ஜிகாஹேர்ட்ஸில் எஸ்21 கட்டம் பூச்சியத்தில் தொடங்கி, 25 நிமிடத்துக்குள் வேகமாக ஏறி, 70 நிமிடத்தில் +18 பாகையில் நின்றது. தாமதத்தில் சொன்னால் 8.3 பிக்கோசெக்கன் குறைவு. மிகையாக வந்த 9இல் பெரும்பங்கு இதுவே. எஞ்சியது கனெக்டரைக் கழற்றிப் பூட்டும்போது வரக்கூடிய அளவுக்குள் அடங்கும்.

காரணம் டெஃப்லோன். சுமார் 19 பாகை செல்சியஸில் அதன் பளிங்கமைப்பு மாறுகிறது. அந்த வெப்பநிலையைக் கடக்கையில் பொருள் சட்டென விரிந்து, மின்னுழைய மாறிலி இறங்கி, கேபிளின் மின் நீளம் குறைகிறது. இரண்டு மீற்றர் கேபிளின் மொத்தத் தாமதம் 9.6 நனோசெக்கன். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே கணக்கு கவிழ்ந்துவிடும். ஏசியை 18இல் வைத்ததால் கேபிள்கள் சரியாக அந்த முழங்கால் வளைவில் நின்றுகொண்டிருந்தன.

வரிசையும் சேர்ந்து சதி செய்தது. நீளத் தடம் குளிரில், குட்டைத் தடம் சூட்டில். குட்டைத் தடத்தின் தாமதம் குறைந்து வாசிக்கப்பட்டதால் வித்தியாசம் கூடியது. வரிசை மாறியிருந்தால் மாறிலி 4.0 பக்கம் வந்திருக்கும்.

மூன்று சோதனைகளும் இதை ஏன் பிடிக்கவில்லை என்பதும் இங்கே தெளிவாகிறது. கேபிள் குறுகுவது வலுவைக் கூட்டாது. இரு திசைக்கும் ஒன்றுபோலவே நடக்கும். வெறும் அடப்டரில், அதன் சொந்தத் தாமதத்தைக் கழித்துப் பார்த்தால், சமிக்ஞை போகும் முன்பே வந்துசேர்வது போல ஒரு விசித்திரம் தெரியும். ஆனால் 300 பிக்கோசெக்கனுக்கு மேல் தாமதமுள்ள தடத்துக்குள் அந்த 8 ஒளிந்துகொள்ளும். கோப்பு பௌதிகவியல் விதி எதையும் மீறவில்லை. வேறொரு பலகையைச் சரியாக அளந்த கோப்பு போலவே இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பலகைக் கட்டளை நிறுத்தி வைக்கப்பட்டது. பழைய கோப்புகளைக் கணக்கால் திருத்திப் பயன்படுத்தலாமா என்ற பேச்சு எழுந்தது. மறுக்கப்பட்டது, அன்றைய அறை வெப்பநிலை எங்கும் பதியப்படவில்லை.

மீள் அளவீட்டுக்கு ஏசி 26 பாகையில். குளிர்ந்த அறைதான் நல்ல அறை என்ற எண்ணத்தைக் கைவிடுவது சிலருக்குக் கடினமாக இருந்தது. கேபிளுக்கு வேண்டியது குளிர் அல்ல, மாறாமை. அதுவும் 19 பாகையிலிருந்து விலகி.

1 மீற்றர் கேபிள்களுக்குப் பதில் 30 செ.மீ. கேபிள்கள். நகர்வு நீளத்தோடு நேர்விகிதத்தில் குறையும்.

கனெக்டர்கள் 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்கஹோலால், பஞ்சு நுனியை லேசாக நனைத்து, துடைக்கப்பட்டன. பாமசியில் வாங்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர். இந்த ஊரில் இருக்கிற ஈரம் போதும். பித்தளை எஸ்எம்ஏக்கு 0.56 நியூற்றன் மீற்றர், துருவேறா உருக்குக்கு 0.9 என்று வைத்த ரோர்க் சாவியால் இறுக்கப்பட்டது. நட்டு மட்டும் சுற்ற வேண்டும். பின்பக்கத்தைச் சாவியால் பிடிக்காமல் கனெக்டர் முழுவதையும் திருப்பினால் நடு ஊசி தொடுகையை அராவும். விரல் விரிவது அப்படித்தான்.

புள்ளிகள் 10 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் 600. தொடக்க மீடிறனும் இடைவெளியும் ஒன்றாக இருந்தால், பூச்சியத்துக்கு நீட்டி நேரத்துக்கு மாற்றுவது சுத்தமாக வரும்.

முக்கியமான மாற்றம் வரிசையில். 50, 100, மறுபடி 50. கடைசியில் த்ரூ. மாறிலியில் 0.05க்குள் நிற்க வேண்டுமானால் தாமத வித்தியாசத்தில் 1.6 பிக்கோசெக்கனுக்கு மேல் பிழை வரக்கூடாது. அதனால் எல்லை 1 பிக்கோசெக்கன், அதாவது 6 ஜிகாஹேர்ட்ஸில் 2 பாகை என்று வைத்தார்கள். முடிவுத் த்ரூ அந்த எல்லையைத் தாண்டினால் அந்த அமர்வின் கோப்புகள் அனைத்தும் ஒதுக்கப்படும். தாண்டியதைக் கண்டதும் உடனே திரும்ப கலிப்ரேட் செய்யக்கூடாது. முதலில் அந்தத் த்ரூ கோப்பைச் சேமிக்க வேண்டும். என்ன நடந்தது என்பதற்கு இருக்கும் ஒரே தடயம் அது.

த்ரூவும் வீச்சும் சரி என்பதற்கு, கலிப்ரேஷனுக்குப் பயன்படுத்தாத ஒரு 10 டிபி அற்றெனுவேற்றரும் (சமிக்ஞையைத் தெரிந்த அளவு குறைக்கும் துண்டு) ஒவ்வொரு அமர்விலும் அளக்கப்படும். கலிப்ரேஷன் செய்த அதே ஷோர்ட்டையும் லோட்டையும் திரும்பப் பூட்டி, “பார், எவ்வளவு அழகாக வருகிறது” என்பது தன் விடைத்தாளைத் தானே திருத்துவது. கிட் கோப்பு பிழையாக இருந்தாலும் அது அழகாகத்தான் வரும்.

என்ன விளைந்தது

இரண்டு 50 மி.மீ. அளவீடுகளுக்கும் இடையில் 0.4 பிக்கோசெக்கன் வித்தியாசம். முடிவுத் த்ரூ 6 ஜிகாஹேர்ட்ஸில் 0.9 பாகைக்குள். பூச்சிய டிபிக்கு மேல் ஒரு புள்ளியும் இல்லை. தாமத வித்தியாசம் 301.4 பிக்கோசெக்கன்; மாறிலி 4.31. ஸ்டப்போடு ஒத்துப்போனது, தாளோடும் ஒத்துப்போனது.

4.6ஐ நம்பி வரைந்த பட்ச் இந்தப் பலகையில் 2.53 ஜிகாஹேர்ட்ஸில் அதிர்ந்திருக்கும், பட்டைக்கு வெளியே. 40 பலகைகளும் மூலையில் கிடந்திருக்கும். குறுக்குமுன் 4.3க்கு இருந்த பழைய வரைபடத்தின்படியே முதலில் நான்கு பலகைகள் மட்டும் செய்விக்கப்பட்டன. அளந்தபோது எஸ்11 இன் பள்ளம் 2.45க்கும் 2.46க்கும் இடையில் விழுந்தது. அதன் பின்னரே மீதிக்கான கட்டளை போனது.

இன்னும் மாற்ற வேண்டியவை

வெப்பநிலையும் ஈரப்பதனும் இப்போது கையால் அளவீட்டுப் புத்தகத்தில் எழுதப்படுகின்றன. அவற்றை எஸ்2பி கோப்பின் தலைப்பிலேயே, ஆச்சரியக்குறியோடு தொடங்கும் குறிப்பு வரியாகச் சேர்ப்பது நல்லது. கோப்பு மின்னஞ்சலில் போகும், புத்தகம் போகாது.

கரண்ட் போனால் மடிக்கணினியின் யுஎஸ்பி வயரைக் கழற்றிவிடுவது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கலிப்ரேஷன் தானாக அழிந்துவிடும். பச்சை அடையாளத்தை யாரும் நம்பமாட்டார்கள். முரட்டுத்தனமான விதிதான். முடிவுத் த்ரூ ஒழுங்காக எடுக்கப்படுமானால் அதற்குத் தேவையில்லை என்று மூத்தவர் சொல்கிறார். இளைஞர்கள் இருவரும் வயரைக் கழற்றத்தான் போகிறார்கள்.

சோதனைப் பலகையில் அடுத்த முறை 200 மி.மீ. தடமும் சேர்க்கப்படும். வித்தியாசம் 150 மி.மீ. ஆனால் அதே நகர்வு மாறிலியில் மூன்றில் ஒரு பங்காகவே தெரியும். பழைய அடப்டரின் நட்டில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்கு வெளியே, தனியாக வைத்திருக்கிறார்கள்.